மது அருந்தும்போது வாயிலுள்ள பாக்டீரியாக்களுக்கு என்ன நேர்கிறது?

மதுவையும் வாய்க் கிருமிகளையும் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு கருத்துகள் தவறாமல் காதில் விழுகின்றன. கை கழுவும் சானிடைசரில் இருப்பதும் ஊசி போடுவதற்கு முன் தோலைத் துடைக்கும் பஞ்சில் இருப்பதும் ஆல்கஹால்தான் என்பதால், குடிக்கும் மதுவும் வாயிலுள்ள கிருமிகளைக் கொன்று சுத்தப்படுத்திவிடும் என்பது முதல் கருத்து. மதுவின் கெடுதல் எல்லாம் கல்லீரலுக்குத்தான், வாய் அது கடந்து போகும் பாதை மட்டுமே என்பது இரண்டாவது. இரண்டும் தவறு. அவை எந்த இடத்தில் தவறுகின்றன என்று பொறுமையாகப் பார்த்தால், மது அருந்துவோருக்கு வாய்ப் புற்றுநோய் ஏன் கூடுதலாக வருகிறது என்ற கேள்விக்கான விடையின் ஒரு முக்கியப் பகுதியும் கூடவே கிடைத்துவிடும்.

வாய்க்குள் வாழ்பவை

மனித வாயில் இதுவரை ஏறத்தாழ 700 பாக்டீரியா இனங்கள் அடையாளம் காணப்பட்டுள்ளன. அவை அனைத்தும் ஒரே ஆளின் வாயில் ஒரே நேரத்தில் இருப்பதில்லை. ஆளுக்கு ஆள் கலவை மாறும். ஆனால் எண்ணிக்கை யாருக்கும் குறைவாக இருப்பதில்லை. ஒரு மில்லிலிட்டர் உமிழ்நீரில் மட்டும் சுமார் பத்துக் கோடி பாக்டீரியாக்கள் இருக்கும். இப்படி ஓரிடத்தில் சேர்ந்து வாழும் நுண்ணுயிர்களின் மொத்தக் கூட்டத்தை நுண்ணுயிர்த் தொகுதி என்கிறோம்.

வாயை ஒரு தண்ணீர்த் தொட்டியாக எண்ணிக்கொண்டால் மேற்கொண்டு வருவன எளிதாகப் புரியும். தொட்டிக்குள் நாள் முழுவதும் உமிழ்நீர் சுரந்து வந்துகொண்டே இருக்கிறது. ஒரு நாளில் அது அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை இருக்கும். நாம் விழுங்கும் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு பகுதி வெளியேறுகிறது. நீரில் மிதக்கும் பாக்டீரியாக்கள் அந்த ஓட்டத்தோடு வயிற்றுக்குள் போய்விடுகின்றன. ஆனால் தொட்டிச் சுவரில் வழவழப்பாகப் படியும் பாசியைப் போல, பற்களிலும் நாக்கின் மேற்பரப்பிலும் ஈறுகளின் ஓரத்திலும் பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொண்டு, தாமே சுரக்கும் பசைக்குள் அடுக்கடுக்காகத் தங்கியிருக்கின்றன. இதற்கு உயிர்ப்படலம் என்று பெயர். காலையில் பல் துலக்குவதற்கு முன் நாவால் பல்லைத் தடவினால் தட்டுப்படும் வழவழப்பு இதுதான்.

இவற்றில் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்வதில்லை. வெளியிலிருந்து வரும் நோய்க்கிருமிகளுக்கு இடம் கொடுக்காமல் தடுப்பதும், கீரை வகைகளில் உள்ள நைட்ரேட்டை உடலுக்குப் பயன்படும் நைட்ரைட்டாக மாற்றிக் கொடுப்பதும் இவற்றின் வேலைகளில் சில. ஆகவே வாயில் பாக்டீரியா இருக்கிறதா இல்லையா என்பது கேட்க வேண்டிய கேள்வியே அல்ல. எவை எந்த அளவில் இருக்கின்றன, அவை என்ன செய்கின்றன என்பவைதான் கேள்விகள்.

குடிக்கும் மது ஏன் கிருமிநாசினி ஆவதில்லை

மதுவிலும் சானிடைசரிலும் இருப்பது பெரும்பாலும் ஒரே பொருள்தான்; அதன் வேதியியல் பெயர் எத்தனால். அது பாக்டீரியாவின் மேலுறையைக் குலைத்து, உள்ளிருக்கும் புரதங்களின் வடிவத்தைச் சிதைத்துக் கொல்கிறது. ஆனால் இதைச் செய்ய அதற்குப் போதிய செறிவும் போதிய நேரமும் வேண்டும். கைகளுக்கான சானிடைசரில் எத்தனால் குறைந்தது 60 சதவீதம் இருக்க வேண்டும் என்றும், கை முழுவதும் படும்படி 20 முதல் 30 நொடிகள் வரை தேய்க்க வேண்டும் என்றும் சொல்வது இதனால்தான். பீரில் இருப்பது பொதுவாக 5 சதவீதம், திராட்சை மதுவில் 12 முதல் 14 சதவீதம், விஸ்கி, பிராந்தி போன்ற கடும் மதுவில் 40 சதவீதம் அளவு. இவையும் வாய்க்குள் போன கணமே உமிழ்நீரோடு கலந்து நீர்த்துவிடுகின்றன. சில நொடிகளில் தொண்டையைத் தாண்டிவிடுகின்றன. நீரில் மிதக்கும் பாக்டீரியாக்களில் சில சாகலாம். சுவரில் படிந்த படலத்தின் உள்ளடுக்குகளுக்கு இந்த நேரமும் இந்தச் செறிவும் போதாது.

இதைக் கண்ணால் பார்த்து எழுதிய முதல் மனிதர், பாக்டீரியாவை முதன்முதலில் கண்ட அதே மனிதர்தான் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகரான அந்தோனி வான் லேவன்ஹூக், தாமே கடைந்த கண்ணாடி வில்லைகளின் வழியாகப் பல்லழுக்கைப் பார்த்து, அதில் நெளிந்த சிற்றுயிர்களைப் பற்றி 1683ஆம் ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். காலையில் பிராந்தியும் பிற்பகலில் திராட்சை மதுவும் புகையிலையுமாக இருந்த ஒரு முதியவரின் வாயில் இந்தச் சிற்றுயிர்கள் பிழைத்திருக்குமா என்று அவருக்கு ஐயம் எழுந்தது. அந்த முதியவர் தம் வாயைத் தண்ணீரால் கழுவியதே இல்லை என்றும், தினமும் மதுவால்தான் அது அலசப்படுகிறது என்றும் சொல்லியிருக்கிறார். முன்பற்களின் மேற்பூச்சில் உயிர்கள் மிகக் குறைவாகவே தென்பட்டன. பற்களின் இடுக்கிலிருந்து எடுத்த அழுக்கிலோ அவை பெருகியிருந்தன. அதே கடிதத்தில் இன்னொரு சோதனையும் வருகிறது. கடுமையான வினிகரால் தம் வாயையே கொப்பளித்த பிறகும் பல்லழுக்கில் உயிர்கள் எஞ்சியிருந்ததைக் கண்ட அவர், அழுக்கை வெளியே எடுத்து வினிகரில் கலந்தபோது அவை உடனே இறந்ததையும் கண்டார். வினிகர் படலத்தின் மேற்புறத்தில் இருந்தவற்றை மட்டுமே கொன்றது, உள்ளே ஊடுருவவில்லை என்று அவர் முடிவு செய்தார். உயிர்ப்படலம் என்ற சொல் பிறப்பதற்கு ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே அதன் இயல்பை அவர் சரியாகப் பிடித்துவிட்டார்.

இதுவரை பார்த்ததன் சாரம் இது: வாயிலுள்ள பாக்டீரியாக்கள் பெரும்பாலும் படலமாக ஒட்டி வாழ்கின்றன, குடிக்கும் மதுவுக்கு அவற்றை ஒழிக்கும் செறிவும் இல்லை, நேரமும் இல்லை. அப்படியானால் உயிரோடு எஞ்சும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் அந்த மதுவை என்ன செய்கின்றன என்ற கேள்வி அடுத்து வருகிறது.

விழுங்கிய பின்னும் வாய்க்குத் திரும்பும் மது

அந்தக் கேள்விக்குப் போகும் முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மது விழுங்கப்பட்டதோடு வாய்க்கும் அதற்குமான தொடர்பு முடிந்துவிடுவதில்லை. வயிற்றிலிருந்தும் குடலிலிருந்தும் இரத்தத்தில் சேரும் எத்தனால், நீர் உள்ள இடமெல்லாம் பரவக்கூடியது. உமிழ்நீர்ச் சுரப்பிகள் இரத்தத்திலிருந்து நீரை எடுத்துத்தான் உமிழ்நீரைச் சுரக்கின்றன. அந்த நீரோடு எத்தனாலும் வந்துவிடுகிறது. குடித்துச் சிறிது நேரம் கழிந்த பிறகு, உமிழ்நீரிலுள்ள எத்தனாலின் செறிவு இரத்தத்தில் உள்ளதற்கு ஏறக்குறைய இணையாகவே இருக்கிறது. இரத்தத்தில் மது இருக்கும் வரை, அது பல மணி நேரமானாலும், வாயிலுள்ள பாக்டீரியாக்களுக்கு எத்தனால் விநியோகம் ஆகிக்கொண்டே இருக்கிறது. ஆகவே குடித்த கையோடு தண்ணீர் விட்டுக் கொப்பளித்துவிட்டால் வாயிலிருந்து மது போய்விடும் என்று நினைப்பது சரியல்ல.

எத்தனால் அசிட்டால்டிஹைடாக மாறுவது

உயிரணுக்களுக்குள் வேதிமாற்றங்களை விரைவுபடுத்தும் புரதங்களை நொதிகள் என்கிறோம். உடல் எத்தனாலை இரண்டு படிகளில் கையாள்கிறது. முதல் படியில் ஒரு நொதி எத்தனாலை அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாற்றுகிறது. இரண்டாம் படியில் வேறொரு நொதி அசிட்டால்டிஹைடை, வினிகரில் உள்ள அதே அசிட்டிக் அமிலத்தின் வடிவுக்கு மாற்றிவிடுகிறது. முதலில் உள்ள எத்தனாலைவிடவும் முடிவில் வரும் அசிட்டிக் அமிலத்தைவிடவும் இடையில் தோன்றும் அசிட்டால்டிஹைடுதான் நச்சுத்தன்மை மிகுந்தது. அது உயிரணுவின் மரபுச் செய்தியைத் தாங்கியிருக்கும் டி.என்.ஏ.வோடு நேராக ஒட்டிக்கொண்டு அதைச் சிதைக்கிறது; சிதைவைச் சரிசெய்யும் பணியையும் தடுக்கிறது. சிதைந்த டி.என்.ஏ.வோடு உயிரணுக்கள் திரும்பத் திரும்பப் பிரிந்து பெருகுவதுதான் புற்றுநோய்க்கான தொடக்கப் பாதை. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மதுபானங்களை 1988ஆம் ஆண்டிலேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. மது அருந்துவதால் உண்டாகும் அசிட்டால்டிஹைடையும் 2009ஆம் ஆண்டில் அதே முதல் பிரிவில் வைத்தது.

கல்லீரலில் இரண்டு படிகளும் அடுத்தடுத்து விரைவாக நடந்துவிடுவதால், அங்கு உருவாகும் அசிட்டால்டிஹைடில் மிகச் சிறிதளவே இரத்தத்தில் கலக்கிறது. வாயில் நிலைமை வேறு. வாய்ப் பாக்டீரியாக்கள் பலவற்றிடம் முதல் படிக்கான நொதி தாராளமாக உண்டு. இரண்டாம் படிக்கான ஆற்றலோ மிகக் குறைவு. வாயின் உட்புறத் தோலுக்கும் அசிட்டால்டிஹைடை அப்புறப்படுத்தும் திறன் குறைவுதான். முன்னே சொன்ன தொட்டியில் உள்ளே வரும் குழாய் அகலமாகவும் வெளியேறும் குழாய் ஒடுக்கமாகவும் இருந்தால் நீர்மட்டம் உயர்வது எப்படியோ, அப்படியே உமிழ்நீரில் அசிட்டால்டிஹைடு தேங்குகிறது. மது அருந்திய ஒருவரின் இரத்தத்தில் இருப்பதைப் போலப் பல மடங்கு அசிட்டால்டிஹைடு அவருடைய உமிழ்நீரில் இருப்பதற்கு இதுவே காரணம். அந்த உமிழ்நீர்தான் நாக்கையும் கன்னத்தின் உட்புறத்தையும் நனைக்கிறது. விழுங்கும்போது தொண்டையையும் உணவுக் குழாயையும் நனைத்துக்கொண்டு போகிறது.

இந்த வேலையைப் பாக்டீரியாக்கள்தான் செய்கின்றன என்று எப்படித் தெரியும்? 1990களில் பின்லாந்தின் ஹெல்சிங்கி ஆய்வாளர்கள் ஓர் எளிய வழியைக் கையாண்டார்கள். தன்னார்வலர்களுக்கு அளந்த அளவு மதுவைக் கொடுத்து, உமிழ்நீரிலுள்ள அசிட்டால்டிஹைடை அளந்தார்கள். பிறகு குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிக்கொல்லி நீரால் மூன்று நாள்கள் வாயைக் கொப்பளிக்கச் செய்து, மறுபடியும் அதே அளவு மதுவைக் கொடுத்து அளந்தபோது, அசிட்டால்டிஹைடு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. மதுவின் அளவு மாறவில்லை, கல்லீரலும் மாறவில்லை. வாயிலுள்ள பாக்டீரியாக்களின் எண்ணிக்கை மட்டுமே மாறியிருந்தது. பின்னர் நடந்த சோதனைகளில், கடும் மதுவைச் சில நொடிகள் வாயில் வைத்திருந்து விழுங்காமல் துப்பினால்கூட உமிழ்நீரில் அசிட்டால்டிஹைடு உடனே உயர்வதும், சில நிமிடங்கள் அது நீடிப்பதும் தெரியவந்தது. விழுங்காத மது கல்லீரலுக்குப் போயிருக்க வழியில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

எல்லா இனங்களும் சம அளவில் இதைச் செய்வதில்லை. நைசீரியா என்ற பேரினத்தைச் சேர்ந்தவை மிக அதிக அளவில் அசிட்டால்டிஹைடை உண்டாக்கக்கூடியவை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனங்கள் சிலவும், பாக்டீரியா அல்லாத கேண்டிடா என்ற ஈஸ்டு வகைப் பூஞ்சையும் இந்தப் பட்டியலில் உண்டு. இங்கே ஒரு செய்தியைக் குறிப்பிடாமல் போக மனம் வரவில்லை. கீரையின் நைட்ரேட்டை நமக்காக மாற்றித் தருபவற்றில் நைசீரியாவும் ஒன்று. நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்று பெயரை வைத்துப் பிரிப்பது எவ்வளவு மேலோட்டமானது என்பதற்கு இது போதும். ஒரே உயிர், கொடுக்கப்படும் பொருளைப் பொறுத்து நன்மையையும் செய்கிறது, நஞ்சையும் உண்டாக்குகிறது.

மரபணு வேறுபாடு காட்டும் சான்று

கிழக்கு ஆசிய மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குப் பிறவியிலேயே இரண்டாம் படிக்கான நொதி சரிவர வேலை செய்வதில்லை. சிறிது குடித்தாலும் இவர்களுக்கு முகம் சிவந்து, நெஞ்சு படபடக்கும். ஒரே அளவு மதுவுக்கு இவர்களுடைய உமிழ்நீரில் மற்றவர்களைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு அசிட்டால்டிஹைடு சேர்கிறது. இவர்களில் மது அருந்துவோருக்கு உணவுக் குழாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிகவும் கூடுதல். ஆய்வுக்கூடத்தில் செய்ய முடியாத ஒரு சோதனையை இயற்கையே செய்து காட்டியதுபோல, எத்தனாலைக் காட்டிலும் அசிட்டால்டிஹைடின் மீதே சந்தேகம் குவிய வேண்டும் என்பதற்கு இது வலுவான சான்று.

சுருங்கச் சொன்னால், பாக்டீரியாக்கள் மதுவால் அழிவதற்கு மாறாக, அதைப் புற்றுநோய்க் காரணியாக மாற்றும் வேலையைச் செய்கின்றன. அது வெளியேறும் வழி வாயில் ஒடுக்கமாக இருப்பதால் அங்கேயே தேங்குகிறது.

நாள்பட்ட குடியால் தொகுதியே மாறுவது

மேலே சொன்னது ஒரு முறை குடிக்கும்போதே நடப்பது. பல ஆண்டுகள் தொடர்ந்து குடிப்பவரின் வாயில், எந்த இனங்கள் எவ்வளவு இருக்கின்றன என்ற விகிதமே வேறாக இருக்கிறது. 2018ஆம் ஆண்டில் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவைச் சேர்ந்த 1,044 பேர் வாய் கொப்பளித்துத் துப்பிய நீரிலிருந்து பாக்டீரியாக்களின் டி.என்.ஏ. பிரித்தெடுக்கப்பட்டு ஆராயப்பட்டது. அவர்களில் 270 பேர் குடிக்காதவர்கள், 614 பேர் மிதமாகக் குடிப்பவர்கள், 160 பேர் அதிகம் குடிப்பவர்கள். லாக்டோபேசில்லஸ் உள்ளிட்ட, பெரும்பாலும் பாதுகாப்பானவையாகக் கருதப்படும் பாக்டீரியாக்கள் குடிப்பவர்களிடம் குறைவாகவும், நைசீரியா, ஆக்டினோமைசிஸ் போன்றவை கூடுதலாகவும் காணப்பட்டன. அசிட்டால்டிஹைடை உண்டாக்குவதில் முன்னிற்கும் நைசீரியாவே குடிப்பவரின் வாயில் கூடுதலாக இருப்பது கவலைக்குரிய பொருத்தம். இத்தகைய ஆய்வு ஒரே நேரத்தில் எடுத்த மாதிரிகளை ஒப்பிடுவது என்பதால், இரண்டு நிலைகளும் சேர்ந்து இருப்பதை அது காட்டுகிறது. எது எதற்கு முந்தியது என்பதை அது தனியே நிறுவிவிடாது. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு, மது இன்ன பாக்டீரியாவை வளர்க்கிறது என்று அடித்துச் சொல்லும் தலைப்புகளைப் படிக்கும்போது சற்று நிதானம் தேவை.

விகிதம் மாறுவதற்கான காரணங்களை ஊகிப்பது கடினமல்ல. எத்தனாலைத் தாங்கும் திறன் இனத்துக்கு இனம் வேறுபடுகிறது. சில இனங்களுக்கு அது உணவாகவே பயன்படக்கூடும். மது நோய் எதிர்ப்பு அணுக்களின் செயலைத் தளர்த்துவதால், வழக்கமாக அடங்கியிருக்கும் இனங்கள் தலைதூக்க இடம் கிடைக்கிறது.

உமிழ்நீர் குறையும்போது

மது உமிழ்நீர்ச் சுரப்பைக் குறைக்கிறது. உடலிலிருந்து நீரை வெளியேற்றி வாயையும் உலர்த்துகிறது. தொட்டிக்குள் வரும் நீர் குறைந்தால் உள்ளே இருப்பது நீர்த்துப்போவதும் குறைகிறது, மிதப்பவை அடித்துச் செல்லப்படுவதும் குறைகிறது. உமிழ்நீரில் அமிலத்தைச் சமன்படுத்தும் பைகார்பனேட்டும் உண்டு. அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். அளவு 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் எனாமல் கரையத் தொடங்கும். திராட்சை மதுவின் பி.எச். 3 முதல் 4 வரைதான். இனிப்பு சேர்த்த மதுபானங்களில் உள்ள சர்க்கரையைப் பாக்டீரியாக்கள் மேலும் அமிலமாக்குகின்றன. பற்சொத்தையும் ஈறு நோயும் இந்த வழியில் வருபவை.

புகையிலையோடு சேரும்போது

வாய்ப் புற்றுநோயைப் பொறுத்தவரை மதுவும் புகையும் சேர்ந்தால் ஆபத்து வெறும் கூட்டுத்தொகையாக நிற்பதில்லை, ஒன்றையொன்று பெருக்கிக்கொள்கிறது. சிகரெட் புகையிலேயே அசிட்டால்டிஹைடு இருக்கிறது. அதோடு, புகைப்பவரின் வாய்ப் பாக்டீரியாக்கள் அதே அளவு எத்தனாலிலிருந்து கூடுதல் அசிட்டால்டிஹைடை உண்டாக்குகின்றன என்பதும் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. குடிக்கும்போது மட்டும்தானே புகைக்கிறேன் என்று சொல்பவர்கள் இந்த ஒரு செய்தியை மனத்தில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன், ஏனெனில் இரண்டும் மிக மோசமாகச் சேர்வது அந்த நேரத்தில்தான்.

நடைமுறையில் என்ன செய்யலாம்

வாய்ச் சுகாதாரம் குறைந்தவர்களின் உமிழ்நீர் அதே எத்தனாலிலிருந்து ஏறக்குறைய இரண்டு மடங்கு அசிட்டால்டிஹைடை உண்டாக்குகிறது. ஆகவே தினமும் இரண்டு வேளை பல் துலக்குவதும், பல்லிடுக்குகளைச் சுத்தம் செய்வதும், நாக்கை வழிப்பதும் படலத்தை மெலிதாக வைத்திருக்க உதவும். ஆனால் நன்றாகப் பல் துலக்குகிறேன், ஆகவே குடிக்கலாம் என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. எவ்வளவு துலக்கினாலும் வாயில் பாக்டீரியா இல்லாமல் போகாது. கிருமிக்கொல்லி நீரால் கொப்பளித்துவிட்டுக் குடிப்பதும் வழியல்ல. அசிட்டால்டிஹைடு பாதியாகக் குறைந்தாலும் மீதிப் பாதி எஞ்சியிருக்கிறது, நீண்ட நாள் பயன்பாட்டில் அந்த நீர் பயனுள்ள பாக்டீரியாக்களையும் சேர்த்தே அழிக்கிறது. கடைகளில் கிடைக்கும் வாய் கொப்பளிக்கும் நீர் சிலவற்றில் 20 சதவீதத்துக்கும் மேல் எத்தனால் இருக்கிறது. கொப்பளித்த சில நிமிடங்களுக்கு உமிழ்நீரில் அசிட்டால்டிஹைடு உயர்வது அவற்றாலும் நேர்கிறது. எத்தனால் இல்லாத வகைகளும் எளிதில் கிடைப்பதால், அவற்றைத் தேர்ந்தெடுப்பதில் இழப்பு ஒன்றுமில்லை.

அசிட்டால்டிஹைடு உண்டாக எத்தனால் வேண்டும். எத்தனால் குறைந்தால் அதுவும் குறையும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2023ஆம் ஆண்டில் இதுவரையிலான சான்றுகளைத் தொகுத்துப் பார்த்து, மதுவைக் குறைப்பதும் நிறுத்துவதும் வாய்ப் புற்றுநோய், உணவுக் குழாய்ப் புற்றுநோய் ஆகியவற்றின் ஆபத்தைக் குறைக்கிறது என்பதற்குப் போதிய சான்று உள்ளதாக அறிவித்தது. பல ஆண்டுகள் குடித்துவிட்டோம், இனி விட்டு என்ன பயன் என்று எண்ணுவோருக்கு இது நேரடியான பதில். நாள்தோறும் அதிகம் குடித்துப் பழகியவர்கள் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரையிலான உடல் தொல்லைகள் வரக்கூடும் என்பதால், மருத்துவரின் துணையோடு நிறுத்துவதே நல்லது.

மது அருந்துகிறவர்கள் பல் மருத்துவரிடம் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நாக்கின் ஓரத்தையும் நாவின் அடிப்பகுதியையும் அவர் கூடுதல் கவனத்தோடு பார்ப்பதற்கு அது உதவும். இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண், தேய்த்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, விழுங்குவதில் தொல்லை, கழுத்தில் புதிதாகத் தோன்றிய கட்டி ஆகியவற்றில் எது தென்பட்டாலும், வலி இல்லை என்பதற்காகக் காத்திருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.